உப்பில்லாத கெசடியா

மார்ச் 5, சாம்பல் புதன்

இந்த டைரியை எழுதச் சொன்னது டாக்டரம்மா. மனைவி எமியின் எடை, குடித்த தண்ணீர், போன சிறுநீர், கால் வீக்கம், சாப்பாடு, இவ்வளவையும் தினமும் குறித்து வைக்க வேண்டுமாம். ரிட்டயர் ஆன பிறகும் உப்புக் கம்பெனியில் வருஷா வருஷம் எனக்கு ஒரு டைரி கொடுத்து அனுப்புகிறார்கள். இதுவரை எல்லாம் சும்மா கிடந்தன. முதல் தடவையாக ஒன்றுக்கு வேலை வந்திருக்கிறது.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து எமியை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இதயம் அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது. உப்பு சேர்ந்தால் உடம்பில் தண்ணீர் தங்கும், முதலில் காலில், பிறகு நுரையீரலில் என்று டாக்டரம்மா எனக்குப் பொறுமையாக விளக்கினார். உப்பு தண்ணீரை இழுக்கும் என்று தூத்துக்குடிக்காரனுக்கு, அதுவும் முப்பத்தோரு வருஷம் உப்புக் கம்பெனியில் தரம் பார்த்த அலோசியசுக்கு! மழைக்காலத்தில் மூட்டை கசிவதைப் பார்த்தே தலை நரைத்தவன் நான். ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

ஷெரின் ஈஸ்டர் வாரத்தில் ஹூஸ்டனிலிருந்து வருகிறாள். அதற்கு முன்னால் லீவு கிடைக்காதாம். "பொண்ணு வர்ற வரைக்கும் தண்ணி சேராம பாத்துக்குவோம், மத்தத அப்புறம் யோசிப்போம்" என்றார் டாக்டரம்மா. ஆக, என் வேலை அவ்வளவுதான். ஈஸ்டர் வரை எமியின் வாய்க்குள் உப்பு போகக் கூடாது.

சாயங்காலம் உபதேசியார் வீட்டுக்கே வந்து இருவர் நெற்றியிலும் சாம்பல் பூசிவிட்டுப் போனார். இந்தத் தவக்காலத்துக்கு எதை விட்டு ஒறுக்கப் போகிறீர்கள் என்று எமியிடம் கேட்டார்.

"நான் எங்க ஒறுக்க? அவியளே என் உப்பைப் புடுங்கிட்டாவ. ஆண்டவர் அதையே என் கணக்குல வச்சுக்கிடட்டும்" என்றாள்.

மார்ச் 6

காலையில் கஞ்சி. இரண்டு கரண்டி குடித்தாள். மீதியை நான் குடித்தேன். இரண்டு கரண்டி எப்படி உள்ளே போனது என்று ஆச்சரியமாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

உப்பு ஜாடியை அடுப்பங்கரையிலிருந்து எடுத்து, பரண் மேல் கிறிஸ்துமஸ் குடில் சாமான்களுக்குப் பின்னால் வைத்தேன். எமி கட்டிலில் இருந்தபடியே சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஜாடியையா தூக்குதீய? கல்யாணமாகி இந்த வீட்டுக்குள்ள வரும்போது உங்க அம்மா என் கையில மொதல்ல குடுத்தது அந்த ஜாடிதான். ஞானஸ்நானத்துல சாமியார் என் நாக்குல மொதல்ல வச்சதும் உப்புதான். வீட்டுல உப்பு இல்லாம இருக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"இல்லாம இல்ல. பரண்ல இருக்கு" என்றேன்.

"பரண்ல இருக்குறதெல்லாம் வீட்டுல இருக்குறதாவா கணக்கு?" என்றாள்.  ஏணியிலிருந்து இறங்கும்போது முட்டி வலித்தது.

வீட்டில் நானும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறேன். அதுதான் நியாயம். கடைத்தெருவுக்குப் போகும்போது வெளியில் என்ன சாப்பிடுகிறேன் என்பது இந்த டைரியில் கேட்கப்படவில்லை.

மார்ச் 11

எடை குறைந்திருக்கிறது. கால் வீக்கமும் குறைவு. பெருவிரலால் அழுத்தினால் லேசாகத்தான் குழி விழுகிறது. ஆனால் சாப்பிட மாட்டேன் என்கிறாள். இட்லியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எதைத்தான் தின்பாய், சொல்லித் தொலை என்று கத்திவிட்டேன். கத்தியிருக்கக் கூடாது.

கொஞ்ச நேரம் கழித்து, "மார்த்தா குடுப்பாள்லா, அது கெடச்சா திம்பேன்" என்றாள்.

மார்த்தா ஒரு மெக்சிகோக்காரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஷெரின் வீட்டில் ஐந்து மாதம் இருந்தபோது, பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஒரு சாப்பாட்டு வண்டி வைத்திருந்தாள். சப்பாத்தி மாதிரி ஒன்றில் சீஸை வைத்து, பாதியாக மடித்து, கல்லில் போட்டு எடுப்பாள். கடித்தால் உள்ளே சீஸ் நூல் நூலாக இழுக்கும். எமி தினமும் சாயங்காலம் அங்கே கிளம்பிவிடுவாள். வண்டியில் ஒட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்து எமி சிலுவை போட்டுக்கொள்ள, மார்த்தாவும் போட்டுக்கொள்ள, அப்படி ஆரம்பித்த பழக்கம். இவள் தமிழில் பேசுவாள், அவள் ஸ்பானிஷில் பேசுவாள். இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள். நான் ஓரமாகப் பர்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அதைத்தான் இப்போது கேட்கிறாள். சீஸ்! உலகத்தில் எத்தனையோ பண்டம் இருக்க, உப்பிலேயே ஊறிய ஒன்றைக் கேட்கிறாள்.

மார்ச் 12

ஷெரினுக்குப் போன் போட்டேன்.

"கேசடில்லா எப்படிச் செய்யணும்?"

"அது கெசடியா, டாடி. யாரு செய்யப் போறா?"

"நான்தான்."

 "டாடி, உங்களுக்கு கேஸ் பத்த வைக்கவாவது தெரியுமா?" என்றாள். பெற்ற மகள் கேட்கிற கேள்வி.

சூப்பர் மார்க்கெட்டில் போய் பூதக்கண்ணாடியை வைத்துச் சீஸ் பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாமே கருவாட்டுக்கு அண்ணன் தம்பிகள். கடைப் பையன் என்ன தேடுறீங்க சார் என்றான். உப்பில்லாத சீஸ் என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையை எழுத விருப்பமில்லை.

சரி, நாமே செய்வோம் என்று பாக்கெட் பாலைக் காய்ச்சி எலுமிச்சை பிழிந்தேன். திரிந்தது. பிழிந்து எடுத்துச் சப்பாத்திக்குள் வைத்துக் கல்லில் போட்டேன். உருகவே இல்லை. உள்ளே பொடிப்பொடியாகக் கிடந்தது. எமி ஒரு வாய் கடித்தாள்.

"இது பன்னீரு" என்றாள்.

"ஆமா."

"மார்த்தாவோடது இழுக்கும்."

"இழுக்க வைக்கிறேன்" என்றேன். ரோசத்தில் சொல்லிவிட்டேன்.

மார்ச் 14

ஷெரின் ஒரு வீடியோ அனுப்பினாள். பாக்கெட் பால் ஆகாது, கறந்த பால் வேண்டுமாம். பால்காரர் செல்லப்பாவிடம் விடியற்காலையில் சொல்லி வாங்கினேன். கை பொறுக்கிற சூட்டில் இறக்கி, வினிகரைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, மெதுவாகக் கிண்ட வேண்டும். முதல் தடவை சூடு அதிகமாகிவிட்டது. மறுபடியும் பன்னீர். அதை நான் மிளகுத்தூள் போட்டுத் தின்று தீர்த்தேன்.

இரண்டாவது தடவை பால் கட்டி கட்டியாகத் திரண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டியது. எடுத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரையே சூடாக்கி அதில் முக்கி முக்கிப் பிசைந்தேன். கை வெந்துபோனது. இழுத்தேன். இழுத்தது! ஒரு முழம் இருக்கும். அப்படியே இரண்டு கையிலும் தொங்கவிட்டுக்கொண்டு கட்டில் வரைக்கும் ஓடினேன். எமிக்குச் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியதும் பயந்துபோய்ச் சிரிக்காதே, சிரிக்காதே என்றேன். அவள் அதற்கும் சிரித்தாள்.

வாயில் போட்டுப் பார்த்தேன். ஒரு கல் உப்பு கிடையாது. பால் மணம் மட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

சீஸ் வந்துவிட்டது. இப்போது ரொட்டி வரவில்லை. மைதாவில் உப்பில்லாமல் பிசைந்து தேய்த்தால் கல்லில் போட்டதும் விறைத்துக்கொள்கிறது. மடித்தால் நடுவில் உடைகிறது. எமிக்கு மெல்ல முடியவில்லை, பல்லும் சரியில்லை. சீஸை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு மீதியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். நன்றாக இல்லை.

மார்ச் 18

இன்றைக்குப் பெரிய நாள். பேக்கரி தாசனிடம் விஷயத்தைச் சொன்னேன். "புளிச்ச தயிரும் கொஞ்சம் ஆப்ப சோடாவும் போட்டுப் பிசைங்க சார், பஞ்சு மாதிரி வரும்" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்க மறந்துவிட்டேன். ஒரு ஸ்பூன் போட்டேன். பிசைந்த மாவைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் கூடக் கரிக்கவில்லை. கம்பெனியில் கெமிஸ்ட் கண்ணாடிக் குழாயை எடுப்பதற்குள் இது எந்தப் பாத்தி உப்பு என்று சொன்ன நாக்கு இது. உப்பு இருந்தால் எனக்குத் தெரியாமல் போகாது.

கல்லில் போட்டதும் புஸ்ஸென்று உப்பியது. சீஸைத் துருவிப் போட்டு, வறுத்த சீரகம், பச்சை மிளகாய், கொத்தமல்லி தூவி, மடித்து, இரண்டு பக்கமும் வெண்ணெய் தடவிப் பொன்னிறமாக எடுத்து, மார்த்தா வெட்டுவதுபோல முக்கோணமாக வெட்டினேன்.

எமி ஒரு துண்டை எடுத்துக் கடித்து இழுத்தாள். நூல் அறுந்து அவள் தாடையில் ஒட்டிக்கொண்டது. நான் துடைத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

முழுவதும் சாப்பிட்டாள்.

மார்ச் 19, சூசையப்பர் திருநாள்

கெசடியா. முழுவதும் சாப்பிட்டாள்.

மார்ச் 21

கெசடியா, மதியமும் சாயங்காலமும். முழுவதும் சாப்பிட்டாள். முகத்தில் ஒரு தெளிச்சி வந்திருக்கிறது. கன்னம் கூட உப்பலாக இருக்கிறது. பக்கத்து வீட்டு ஜெசிந்தா பார்த்துவிட்டு, "அண்ணே, மதினி தேறிட்டாவ" என்றாள்.

மார்ச் 23, ஞாயிறு

முழுவதும் சாப்பிட்டாள். எடை மெஷினில் ஏதோ கோளாறு. கூட்டிக் காட்டுகிறது. பேட்டரி மாற்ற வேண்டும்.

மார்ச் 25

பேட்டரி மாற்றினேன். மெஷினே சரியில்லை என்று நினைக்கிறேன். இனிமேல் எடை எழுதவில்லை.

மார்ச் 27

விடியற்காலையில் எமியால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்து மூச்சை இழுத்தாள். காலை அழுத்தினால் என் விரல் பாதி உள்ளே போனது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து சேர்த்தேன். நுரையீரலில் தண்ணீர். ஊசி போட்டு நீரை வெளியேற்றுகிறார்கள்.

சாப்பாட்டு முறை பார்க்கிற பெண் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஊறுகாய்? இல்லை. அப்பளம்? இல்லை. கருவாடு? இல்லை. உப்பை வீட்டிலேயே பரணில் ஏற்றிவிட்டேன் அம்மா என்றேன். அப்படியானால் ஏன் இப்படி ஆனது என்று அவளுக்கும் புரியவில்லை. பிறகு, "ஆப்ப சோடா, பேக்கிங் பவுடர் எதுலயாவது போடுறீங்களா சார்? அதுலயும் சோடியம் நெறைய இருக்கு. வாய்க்குக் கரிக்காது, அதனால யாருக்கும் தெரியுறதில்ல" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

மார்ச் 28

ஆஸ்பத்திரி. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மூச்சு கொஞ்சம் சீரானது. ஆக்சிஜன் குழாயை எடுத்தார்கள். நான் எமியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நேற்றெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"எமி, அந்த ரொட்டியில சோடா போட்டேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"சாப்பாடு பாக்குற அந்தப் பிள்ள போன மாசம் இங்க இருந்தப்பவே எங்கிட்ட சொல்லிச்சு, ஆப்ப சோடாவும் ஆகாதுன்னு. நீங்க அப்ப மாத்திரை வாங்கப் போயிருந்தீய. மேடையில சோடா டப்பா தெறந்து இருந்துச்சு. கட்டில்ல இருந்தே பாத்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தெரிந்துகொண்டே தின்றாயா, ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாயில்லையா, சாகத்தான் ஆசையா என்று ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். நர்ஸ் ஓடி வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். எமிதான் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"அன்னைக்கு அடுப்பு முன்னால நின்னு பாட்டுப் பாடுனீய. கல்யாணமாகி இத்தனை வருசத்துல நீங்க பாடி நான் கேட்டதே இல்ல. அப்ப போயி சோடா ஆகாதுன்னு எப்படிச் சொல்ல?" கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "மெத்துனு வேற இருந்துச்சு" என்றாள்.

நான் பாடியதாக எனக்கு நினைவே இல்லை. என்ன பாட்டு என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

வராந்தாவில் போய் நின்று அழுதேன். எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அழுதேன்.

மார்ச் 31

இன்று வெளியில் எதுவும் சாப்பிடவில்லை. இனிமேல் சாப்பிடப் போவதும் இல்லை. ஏன் என்பது இந்த டைரியில் கேட்கப்படவில்லை.

ஏப்ரல் 4

வீட்டுக்கு வந்துவிட்டோம். சோடா டப்பாவைக் குப்பைக்காரர் வந்தபோது அவர் கையிலேயே கொடுத்தேன். ஷெரினிடம் இதை இன்னும் சொல்லவில்லை. எமி சொல்ல வேண்டாம் என்கிறாள். நானும் சரி என்றுவிட்டேன், அவளுக்காக அல்ல, எனக்காகத்தான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அடுப்பங்கரை வாசலில் நாற்காலி போட்டு எமியை உட்கார வைத்தேன். அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன்.

"தண்ணியக் கொதிக்க வச்சு ஊத்துங்க. பச்சத் தண்ணி ஊத்துனா வெறைக்கத்தான் செய்யும். கரண்டியால கிண்டுங்க, கைய விடாதிய. ஆறட்டும். இப்ப வெண்ணெயப் போட்டுப் பிசைங்க. ஈரத் துணியப் போட்டு மூடிட்டு இங்க வந்து உக்காருங்க."

"எவ்வளவு நேரம்?"

"மாவு சொல்லும். அதுவரைக்கும் எங்கூட இருங்க."

உட்கார்ந்தோம். அவள் கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டில் இருந்த பூனையைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பூனையைப் பற்றி இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். இத்தனை வருஷம் நான் எங்கே இருந்தேன் என்று தெரியவில்லை.

சோடா இல்லாமலே ரொட்டி மெத்தென்று வந்தது. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள். நான் தாசனிடம் போய்க் கேட்டேன்.

ஏப்ரல் 8

சுட்ட பூண்டை நசுக்கிச் சீஸோடு கலந்தேன். மேலே எலுமிச்சை. உப்பில்லாத குறை தெரியவில்லை. எமி ஒரு துண்டுதான் சாப்பிட்டாள். ஆனால் ஆசையாகச் சாப்பிட்டாள். "மார்த்தாவை விட நல்லா இருக்கு" என்றாள். சும்மா சொல்கிறாயா என்றேன். "மாதா மேல சத்தியமா" என்றாள்.

கால் வீக்கம் வற்றிவிட்டது. சந்தோஷமாக இருந்தது. கன்னமும் கையும் சேர்ந்து வற்றியிருக்கின்றன.

ஏப்ரல் 11

நல்ல செய்தி! டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இனிமே ரொம்பக் கட்டுப்படுத்த வேண்டாம் சார். என்ன கேக்குறாங்களோ குடுங்க. உப்பும் போட்டுக்கலாம், பரவாயில்ல. அவங்க சந்தோஷமா இருக்கணும்" என்றார். மாத்திரைகளையும் குறைத்துவிட்டார். அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டேன். தேவைப்பட்டால் போன் பண்ணுங்கள், நர்ஸை வீட்டுக்கே அனுப்புகிறேன் என்றார். எவ்வளவு நல்ல மனசு.

உப்பு போடலாம்! வீட்டுக்கு வந்ததும் பரணில் ஏறி ஜாடியை இறக்கித் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன். எமியிடம் சொன்னேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியா, நல்லது" என்றாள். ஷெரினுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். நல்ல விஷயத்துக்கு யாராவது அழுவார்களா? டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொண்டு செவ்வாய்க்கிழமையே வருகிறேன் என்றாள். வரட்டும். அம்மா தேறியிருப்பதைக் கூட நாலு நாள் பார்க்கட்டும்.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

கோயிலிலிருந்து குருத்தோலையைக் கொண்டு வந்து எமியின் தலைமாட்டில் செருகினேன். வருகிற வழியில் சூப்பர் மார்க்கெட்டில் நல்ல சீஸாகப் பார்த்து வாங்கினேன், விலை கூடியது. ரொட்டி மாவில் ஜாடியிலிருந்து நம் ஊர் உப்பை எடுத்துப் போட்டேன். அளவு எனக்குத் தெரியாததா. கல்லில் போட்டதும் சீஸ் உருகி ஓரத்தில் வழிந்தது. வாசனை தெரு வரைக்கும் போயிருக்கும்.

எமி ஒரு வாய் கடித்தாள். மென்றாள். முகம் சுருங்கியது. நான் கையை நீட்டினேன், அதில் துப்பினாள்.

"கரிக்குது" என்றாள்.

"சரியாத்தானே போட்டேன்?"

"எனக்குக் கரிக்குது. இது வேண்டாம். உங்களது செஞ்சு தாங்க."

"என்னோடதுன்னா?"

"உப்பில்லாதது."

பால் வாங்கக் கிளம்பினேன். செல்லப்பா வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி இறங்கிவிட்டேன். அதற்கு மேல் மிதிக்க முடியவில்லை. டாக்டரம்மா சொன்னது எனக்கு அன்றைக்கே, அந்த அறையிலேயே புரிந்துவிட்டது. நல்ல செய்தி என்று எழுதினால் நல்ல செய்தி ஆகிவிடும் என்று எழுதி வைத்தேன். ஷெரினுக்குப் புரிந்தது, எமிக்கும் புரிந்தது. நான் மட்டும் ஜாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பால் வாங்கி வந்து செய்தேன். மாவு ஊறுகிறவரை அவளோடு உட்கார்ந்திருந்தேன்.  அரைத் துண்டு சாப்பிட்டாள்.

ஏப்ரல் 15

ஷெரின் வந்துவிட்டாள். பெட்டியைக் கூட இறக்காமல் அம்மாவின் கட்டிலில் ஏறிப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். எமி அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். என் வேலை முடிந்தது. ஈஸ்டர் வரை என்றார்கள், மகள் வருகிற வரை என்றார்கள். வந்துவிட்டாள். இனி யாரிடம் தவணை கேட்பது?

சாயங்காலம் பாதர் வந்து எமிக்கு எண்ணெய் பூசி, நற்கருணை கொடுத்தார். ஒரு சின்னத் துணுக்குதான். தண்ணீரோடு விழுங்கினாள். பாதர் போன பிறகு எங்களைப் பார்த்துச் சொன்னாள்.

"சாமி குடுக்குற அப்பத்துலயும் உப்பில்ல, பாத்தீயளா. மாவும் தண்ணியுந்தான். உங்க அப்பா செய்யுறது மாதிரியே."

ஷெரின் கேட்டாள் என்பதற்காக ஒரு கெசடியா செய்தேன். ஷெரின் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு அது சப்பென்று இருந்திருக்கும். எமி விரல் நகம் அளவு பிய்த்து வாயில் போட்டு, வெகுநேரம் வைத்திருந்தாள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

சாயங்காலப் பூசையில் கோயில் மணிகள் எல்லாம் ஒன்றாக அடித்து ஓய்ந்தன. ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் எமி போனாள். ஒரு கை என்னிடமும் ஒரு கை ஷெரினிடமும் இருந்தது.

இனிமேல் சனிக்கிழமை இரவு வரை மணி அடிக்க மாட்டார்கள். எமிக்குத் துக்க மணியும் கிடையாது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

அடக்கம். இன்றைக்குப் பூசை கிடையாது, ஜெபம் மட்டும்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

துக்க வீட்டில் அடுப்புப் பற்ற வைக்கக் கூடாது என்று ஜெசிந்தாவும் மற்றவர்களும் மூன்று வேளையும் சாப்பாடு கொண்டு வருகிறார்கள். சோறு, குழம்பு, ரசம். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார்கள். என்னால் இரண்டு வாய்க்கு மேல் இறக்க முடியவில்லை. துக்கத்தில் இறங்கவில்லை என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள். துக்கம் இருக்கிறது. ஆனால் சாப்பாடு கரித்தது. ரசம் கரித்தது, சோறு கரித்தது, எல்லாமே கடல் தண்ணீரைக் கரண்டியில் அள்ளி வைத்ததுபோல இருந்தது.

எந்தப் பாத்தி உப்பு என்று சொன்ன நாக்குக்கு இப்போது உப்பே ஆகவில்லை. இதை எமியிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஏப்ரல் 23

இன்று சோற்றில் பால் ஊற்றிச் சாப்பிட்டால் போதும் என்றேன். ஷெரின் கேட்கவில்லை. "டாடி, நீங்க மூணு நாளா ஒண்ணுமே சாப்பிடல. இன்னைக்கு அடுப்பு பத்த வைக்கலாம்னு ஜெசிந்தா அத்தையே சொல்லிட்டாங்க. உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். குருத்தோலை ஞாயிறன்று நான் வாங்கிய சீஸ் மீதி இருந்தது. எமி எனக்குச் சொன்னதுபோலவே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். "மம்மிதான். செவ்வாக்கிழமை படுத்துக்கிட்டே சொன்னாங்க. அப்பாவுக்குச் செஞ்சு குடுன்னு சொன்னாங்க" என்றாள்.

ஜாடியைத் திறந்து உப்பு எடுத்துப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஈரத் துணி போட்டு மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மாவு சொல்லும் வரைக்கும் இருந்தோம். பிறகு எழுந்து போய்த் தேய்த்தாள். கல்லில் போட்டுத் திருப்பும்போது அவள் ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். அவளுக்குத் தெரிந்து பாடியதாகத் தோன்றவில்லை.

முக்கோணமாக வெட்டித் தட்டில் வைத்துக் கொண்டு வந்து, எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஒரு வாய் கடித்தேன். சீஸ் நூலாக இழுத்தது. நாக்கு எரிகிற அளவுக்குக் கரித்தது. சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"எப்படி டாடி இருக்கு?"

"மெத்துனு இருக்கு" என்றேன்.

முழுவதும் சாப்பிட்டேன்.